வாழைப்பழம் போட்டா கதவை முட்டத்தாங்க செய்யும்

கேள்வி, சுருக்கமா: கேரளாவுல கொழிஞ்சாம்பாறை பக்கத்துல இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. வீட்டுல ஒரு சுல்காட்டா ஆமை, பேரு அப்பு, எடை 3 கிலோ. யூடியூப்ல ஒரு ஆமை குச்சியில இருக்கற பந்தை மூக்கால தொட்டு தீனி வாங்கறதை பாத்துட்டு பையனும் வாழைப்பழத்தை கையில புடிச்சுட்டு அப்புவை கூப்பிட்டு கூப்பிட்டு பாக்கறான், அது திரும்பிக்கூட பாக்கறதில்ல. ஆனா தெனமும் காலையில அடுக்களை கதவை வந்து டொம்மு டொம்முனு முட்டுது, மாமியார் ஒரு துண்டு பழம் போட்டாத்தான் அடங்குது. மருதாணி வெச்ச காலைக் கண்டா கடிக்க வருது, மாமியாருக்கு கட்டைவிரல்ல ரத்தமே வந்துருச்சு. "இதுக்கு புத்தி இல்லையா, கோவமா? தீனி குடுத்து பழக்கறது சரியா? தொட்டியில இருக்கற ரெட் இயர்டு ஸ்லைடர்ங்கற தண்ணி ஆமை, பக்கத்து வீட்டுல வளக்கற இகுவானாங்கற பெரிய ஓணான் இதெல்லாம் பழகுமா?" இதுதான் கேள்வி.

அக்கா, அப்புவுக்கு புத்தி இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. கதவை முட்டுச்சு, சத்தம் பொறுக்காம பழம் போட்டீங்க, சத்தம் நின்னுச்சு. மறுநாளும் முட்டுச்சு, மறுநாளும் பழம். இதுக்கு பேருதானுங்க ட்ரெயினிங். ஒரு வேலை செய்யுது, செஞ்ச உடனே தீனி கிடைக்குது, அதனால அந்த வேலையை திரும்ப செய்யுது. உங்க மாமியார் நெம்ப கரெக்டா பழக்கியிருக்காங்க, பழக்கினது என்னன்னுதான் அவங்களுக்கே தெரியல. பையன் கையில இருக்கற பழம் ஏன் வேலை செய்யலைன்னா, அவன் அனேகமா கூப்பிட்டு கூப்பிட்டு பாத்துட்டு, அப்பு சும்மா உக்காந்திருக்கும்போது பாவம்னு வாயில கொண்டு போய் வெச்சிடுவான். அப்ப அது என்ன கத்துக்கும்? சும்மா உக்காந்தா பழம் தானா வரும்னு கத்துக்கும். அதையும் நல்லாவே கத்துக்கிச்சு பாருங்க.

கால் கடிக்கற விஷயமும் அதேதான். ஆமைக்கு கலர் நல்லா தெரியும், அதுலயும் செவப்பு, ஆரஞ்சு, மஞ்சள்னா தனி இழுப்பு, ஏன்னா பூவும் பழுத்த பழமும் அந்த கலர்லதான் தரையில விழுந்து கிடக்கும். இப்ப நீங்க நின்னுட்டே தீனியை கீழ போடறீங்க, அது எங்க விழுது, உங்க காலடியில. அதுக்கு கண்ணு இருக்கற உசரத்துல இருந்து நீங்களே ஒருக்கா படுத்து பாருங்க, தீனி வர்ற எடத்துல வரிசையா அஞ்சு ஆரஞ்சு உருண்டை தெரியும். கடிக்காம என்ன பண்ணும். கோவமும் இல்ல ஒண்ணும் இல்ல. புஸ்ஸுனு சீறுதுன்னு எழுதியிருக்கீங்களே, அது தலையை வெடுக்குனு உள்ள இழுக்கும்போது நெஞ்சுல இருக்கற காத்து வெளிய வர்ற சத்தம், பயந்தா வரும். மாமியார் மருதாணி வெக்கறதை நிறுத்த வேண்டாம், முற்றத்துக்கு வரும்போது விரல் மூடின செருப்பா போட்டுக்கட்டும். காயத்தை அன்னிக்கே சோப்பு போட்டு கழுவினாங்களா, டிடி ஊசி போட்டு ரொம்ப வருஷம் ஆச்சுன்னா ஆஸ்பத்திரியில ஒருக்கா கேட்டுக்கோங்க.

ஆமைக்கு என்ன தெரியும்னு நம்ம ஆளுங்க மட்டும் இல்ல, ஆராய்ச்சி பண்றவங்களே ரொம்ப காலம் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தாங்க. இங்கிலாந்துல அன்னா வில்கின்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர், 2007-ல மோசஸ்னு ஒரு செங்கால் ஆமையை வெச்சு எட்டு கிளை இருக்கற ஒரு பாதையில ஒவ்வொரு கிளை முடிவுலயும் தீனி வெச்சு பாத்தாங்க, ஏற்கனவே தின்ன கிளைக்கு அது திரும்ப போகாம மத்ததுக்கு போச்சு. அதே ஆமை வகை எந்த அடையாளத்துக்கு நல்ல தீனி, எதுக்கு சுமாரான தீனின்னு 18 மாசம் கழிச்சும் நெனப்பு வெச்சிருந்ததுன்னு 2017-ல ஒரு பேப்பர் வந்துச்சு. இதையெல்லாம் விட பெருசு வியன்னா, ஜூரிச் மிருகக்காட்சி சாலைகள்ல நடந்தது. ஆளை உக்கார வெச்சு சுமக்கற சைஸ்ல இருக்குமே கலாபகஸ், அல்டாப்ரா ஆமைங்க, அதுங்களுக்கு குச்சி முனையில இருக்கற கலர் பந்தை போய் கடிச்சா தீனின்னு பழக்கினாங்க, 9 வருஷம் கழிச்சு வியன்னாவுல அதே பந்தை நீட்டினா அங்க இருந்ததுங்க வந்து கடிச்சுதுங்க. தனியா பழக்கினதை விட கூட்டமா பழக்கினது சீக்கிரம் கத்துக்கிச்சுன்னும் பாத்தாங்க. 2019-ல வந்த ஆராய்ச்சி அது.

இதை ஏன் இவ்வளவு நீட்டி சொல்றேன்னா, உங்க பையன் இதை கேட்டு சந்தோஷப்படுவான், நான் பயப்படறேன். 9 வருஷம் மறக்காதுன்னா கதவு முட்டறதையும் 9 வருஷம் மறக்காது. இப்ப 3 கிலோ. சுல்காட்டாங்கறது சஹாரா தெக்கால ஓரத்து சாஹேல் பூமியில இருந்து வந்த சாதி, தீவு ஆமைங்களை விட்டா தரை ஆமையில இதுதான் பெருசு, வளர்ந்த ஆண் ஆமை 45 கிலோவுக்கு மேல சாதாரணமா போகும், 70 வருஷம் வரைக்கும் இருக்கும். அந்த வெயிட்டு வந்து முட்டுனா உங்க பலகை கதவு நிக்காது. அதனால தீனி குடுத்து பழக்கறது சரியான்னு கேட்டா, சரிதான். ஆனா எதுக்காக குடுக்கறோம், என்னத்தை குடுக்கறோம்னு ரெண்டையும் பாத்து குடுக்கோணும்.

என்னத்தைங்கறதை முதல்ல முடிச்சிடறேன். வாழைப்பழத்தை நிறுத்துங்க. சுல்காட்டா புல்லு மேயற பிராணி, அது தின்னறதுல பத்துல எட்டு ஒம்பது பங்கு புல்லும் காஞ்ச புல்லுமா இருக்கோணும். அதோட பெருங்குடல்ல கோடிக்கணக்கான நுண்ணுயிர் உக்காந்து நாரை புளிக்க வெச்சு சத்து எடுத்துக் குடுக்குது, மாட்டுக்கு முன்வயித்துல நடக்கறது இதுக்கு பின்வயித்துல நடக்குதுன்னு வெச்சுக்கோங்க. அங்க போய் சக்கரை பழம் தெனமும் விழுந்தா நுண்ணுயிர் கூட்டமே மாறிப்போகும், கழிச்சல், வாயு, ஏற்கனவே இருக்கற பூச்சி பெருகும், எல்லாத்துக்கும் மேல புல்லை மோந்துகூட பாக்காது. தோசை, சோறு, நாய் பிஸ்கட் எதுவும் வேண்டாம், போட்டா தின்னும்தான், அதுக்காக போடக்கூடாது. பசலை மாதிரி ஆக்சலேட் அதிகமா இருக்கற கீரை சுண்ணாம்பு சத்தை உடம்புல ஒட்ட விடாது, அதையும் தெனம் குடுக்காதீங்க.

அப்ப பரிசா எதை குடுக்கறது? உங்க வேலியிலயே இருக்குது, செம்பருத்திப் பூ. செவப்பா பளிச்சுனு தெரியும், சக்கரை பெருசா கிடையாது, ஆமைக்கு அதுன்னா உசுரு. பூவை முழுசா போடாதீங்க, இதழ் இதழா பிச்சு, ஒரு இதழையும் ரெண்டா கிள்ளி வெச்சுக்கோங்க. பூ இல்லாத நாள்ல செம்பருத்தி எலை, மல்பெரி எலை, முள்ளு சீவின சப்பாத்திக்கள்ளி துண்டு, எப்பவாவது பட்டாணி சைஸ்ல அரசாணிக்காய், அதான் பரங்கிக்காய். பொள்ளாச்சி சந்தையில மலிவா கிடைக்குதேன்னு கேரட்டும் தக்காளியும் கிலோ கணக்குல வாங்க வேண்டாம். இன்னொன்னு, பரிசுங்கறது அன்னிக்கு போடற தீனியில இருந்து எடுத்த பங்கா இருக்கோணும், எல்லாம் தின்ன பொறவு மேல ஒரு ரவுண்டு இல்ல. அதுக்காக பட்டினி போட்டு பழக்கறேன்னும் ஆரம்பிச்சிடாதீங்க, நாள் பூரா மேயறதுக்கு புல்லு எப்பவும் கிடக்கட்டும். புல்லு வயித்துக்கு, பூ வேலைக்கு.

இப்ப பழக்கறது. முதல்ல ஒரு கடப்பா கல்லு, ஒடைஞ்ச துண்டா இருந்தாலும் போதும், ரெண்டு அடி அகலம் இருந்தா சரி, அதை அடுக்களைக்கு நேர் எதிர் பக்கமா காலை வெயில் விழற எடத்துல போடுங்க. இனிமே அப்புவுக்கு தீனி வர்றது அந்தக் கல்லு மேல மட்டும்தான். கையில இல்ல, திண்ணையில இல்ல, காலடியில இல்ல. வீட்டுல எத்தனை பேரு இருக்காங்களோ அத்தனை பேருக்கும் இதை சொல்லிடுங்க. கல்லு மேல தின்னா மண்ணு சேத்து முழுங்காது, மூக்கு அலகும் கொஞ்சம் தேயும், அது தனி லாபம்.

நேரம் ரொம்ப முக்கியம். ஊர்வன எல்லாம் வெளிய இருந்து சூடு வாங்கித்தான் வேலை செய்யும், உடம்பு 30 டிகிரி பக்கம் வராம அதுகிட்ட எதுவும் கேக்காதீங்க, கேட்டாலும் காதுல ஏறாது. காலையில வெயில்ல நல்லா காய விட்டுட்டு, நடமாட ஆரம்பிச்ச பொறவு, பெரிய தீனி போடறதுக்கு முன்னாடி உக்காருங்க. சித்திரை வெயில்ல மத்தியானம் நெழலுக்கு ஓடிரும், அப்பவும் விட்டுருங்க. ஆனி ஆடியில பாலக்காட்டு கணவாய் காத்து அடிச்சு நாள் கணக்கா மேகம் மூடி கிடக்கும்ல, அப்ப அப்பு மந்தமாத்தான் இருக்கும், அதை மறந்துருச்சுன்னு நெனச்சு பையன் மனசு விடக்கூடாது. அந்த மாசத்துல சூடு லைட்டும், வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிரை குடுக்கற யுவிபி லைட்டும் போட்ட காஞ்ச கொட்டாய் இருக்கோணும், ஈரமும் குளிரும் சேந்தா மூக்கு ஒழுகும், மூக்கு ஒழுகினா ட்ரெயினிங் எல்லாம் மூட்டை கட்டி வெச்சிட்டு டாக்டர்தான்.

ஒரு நீளமான குச்சி, முனையில நீல கலர் பந்து, அது வாய்க்குள்ள அடங்காத சைஸ்ல இறுக்கமா கட்டினது. செவப்பு வேண்டாம்னு ஏன் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும், பச்சையும் வேண்டாம், எலைன்னு நெனச்சு கிழிச்சு முழுங்கப் பாக்கும். அப்பு கல்லு பக்கத்துல இருக்கும்போது பந்தை மூக்குல இருந்து ஒரு சாண் தள்ளி, தரையோட ஒட்டி, மெதுவா கொண்டு வந்து வெச்சிட்டு அசையாம இருங்க. பையன் இங்கதான் அவசரப்படுவான், ஆட்டி ஆட்டி காட்டுவான், தலை உள்ள போயிரும். போயிருச்சுன்னா பந்தை எடுத்துட்டு சித்த நேரம் கழிச்சு இன்னும் தூரத்துல இருந்து ஆரம்பிக்கோணும். அப்பு கழுத்தை நீட்டும், மூக்கு ஓட்டை ரெண்டும் விரியும், தொண்டை மெதுவா மேலயும் கீழயும் போகும், அது மோந்து பாக்குதுன்னு அர்த்தம். அந்த நொடியில விரல் மொட்டியால கல்லை ரெண்டு தட்டு, இடுக்கியில புடிச்ச இதழை கல்லு மேல வெச்சிடுங்க. அவ்வளவுதான் முதல் பாடம். பந்தை தொடக்கூட வேண்டாம், பாத்ததுக்கே பரிசு. பொறவு நீட்டினாத்தான் பரிசு, அப்புறம் தொட்டாத்தான், அப்புறம் ஒரு எட்டு வெச்சு வந்து தொட்டாத்தான்னு கொஞ்சங் கொஞ்சமா தள்ளிட்டே போகலாம்.

தட்டு எதுக்குன்னா, நீ செஞ்சது இதுதான் சரின்னு சொல்ற சிக்னல் அது. நாய்க்கு யூஸ் பண்ற கிளிக்கர், அமுக்கினா டக்குனு சத்தம் போடுமே, அதெல்லாம் வாங்க வேண்டாம். ஆமைக்கு காது கொஞ்சம் மந்தம், அதுவும் 1000 ஹெர்ட்ஸுக்கு கீழ இருக்கற அடிக்குரல் சத்தம்தான் ஓரளவு கேக்கும், ஆனா கல்லுல தட்டற அதிர்வு கால் வழியா ஏறும். கீச்சுக்குரல்ல அப்பூ அப்பூன்னு கூப்பிட்டா வராததுக்கு பாதி காரணம் இது, மீதி காரணம் அந்தப் பேருக்கு பின்னாடி இதுவரைக்கும் எதுவும் நடந்ததே இல்ல.

ஒரு இதழை மென்னு முழுங்க அது எடுத்துக்கற நேரம் இருக்கே, நாய்க்கு அதுக்குள்ள பத்து தடவை ஆயிருக்கும். அதனால ஒரு தடவைக்கு அஞ்சாறு முறை, பத்து நிமிஷம், அதோட சரி. தின்னுட்டு கண்ணை மூடினா, வேற பக்கம் திரும்பி நடந்தா, அன்னிக்கு முடிஞ்சுது. தொரத்திட்டு போகாதீங்க.

கதவு விஷயம்தான் கஷ்டம், முன்னாடியே சொல்லிடறேன். பழத்தை நிறுத்தின முதல் சில நாள் முட்டறது குறையாது, கூடும். நேத்து வரைக்கும் வேலை செஞ்சது இன்னிக்கு ஏன் செய்யலைன்னு இன்னும் பலமா, இன்னும் நேரமா முட்டும். அந்த நாள்லதான் மாமியாருக்கு மனசு கேக்காது, அய்யோ வாயில்லா ஜீவன்னு ஒரே ஒரு துண்டு போட்டுருவாங்க. போட்டா போச்சு, ஓங்கி முட்டினா கிடைக்கும்னு புதுசா ஒரு பாடம் எடுத்த கணக்கு, எப்ப கிடைக்கும்னு தெரியாம எப்பவாவது கிடைக்கறதுதான் எதையும் விட உறுதியா ஒட்டிக்கும், லாட்டரி டிக்கெட் வாங்கற ஆளைப் பாத்திருக்கீங்கல்ல, உங்க பக்கம் கடைக்கு கடை தொங்குதே. மாமியார்கிட்ட போடாதீங்கன்னு சொல்றதை விட ஒரு வேலையை குடுத்துடுங்க, அப்பு கதவுக்கு வர்ற நேரத்துக்கு முன்னாடியே போய் கல்லு மேல பூ வெக்கற வேலை. அது முட்ட வர்றதுக்கு முன்னாடி கல்லுல தீனி இருந்தா முட்டறதுக்கு தேவையே கொறஞ்சு போகும். அடுக்களை கதவுக்கு வெளிய ரெண்டு வரி செங்கல் வெச்சிடுங்க, அப்பாலிக்கு என்ன இருக்குன்னு கண்ணுக்கு தெரியலைன்னா ஆமை அந்தப் பக்கம் அவ்வளவா மல்லுக்கட்டாது.

பந்து தொடறது வித்தை காட்ட மட்டும்தான்னா நான் இவ்வளவு எழுத மாட்டேன். பந்து பின்னாடி நடக்க பழகிருச்சுன்னா அப்புவை தராசு மேல ஏத்தலாம், மாசம் ஒருக்கா எடை பாக்கலாம், ராத்திரி கொட்டாய்க்குள்ள தானா வர வெக்கலாம், பெட்டிக்குள்ள ஏறி உக்கார வெக்கலாம். 40 கிலோ ஆன பொறவு யாரு தூக்கறது? மிருகக்காட்சி சாலைகள்ல ஊசிக்கும் ரத்தம் எடுக்கறதுக்கும் பெரிய ஆமைங்களை இப்படித்தான் நிக்க வெக்கறாங்க, நம்ம மகாபலிபுரம் பக்கத்து வடநெம்மேலி முதலைப் பண்ணையில முதலைக்கே பேரு சொல்லி கூப்பிட்டு பழக்கியிருக்காங்க. எல்லாத்துக்கும் தீனியே வேணும்னும் இல்ல, கலாபகஸ் ஆமைக்கு கழுத்தை சொறிஞ்சு விட்டா நாலு காலையும் தூக்கி நிமிந்து கழுத்தை நீட்டிட்டு அசையாம நிக்கும், காட்டுல குருவி வந்து உண்ணி பொறுக்கறதுக்கு நிக்கற மாதிரி. அப்புவுக்கு ஓட்டு மேல பிரஷ் போட்டு தேச்சு பாருங்க, புடிச்சா இருக்கும், புடிக்கலைன்னா நடந்து போயிரும்.

ஸ்லைடர் பழகும், நெம்ப சீக்கிரமா பழகும், அதுதான் அதுல தொல்லை. ஆளைக் கண்டதும் கண்ணாடிக்கு வந்து நீந்தி நீந்தி கெஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்க, பசியில இல்ல, கெஞ்சினா போடறீங்கன்னு தெரிஞ்சுக்கிச்சு. அப்படியே போட்டு போட்டு தொடை இடுக்குல கொழுப்பு பிதுங்கற ஸ்லைடரை நெறைய பாக்கறேன். தண்ணிக்குள்ளதான் அதால முழுங்க முடியும், அதனால வெளிய எடுத்து வெச்சு தீனி காட்டாதீங்க, இடுக்கியில குடுங்க, விரல்ல குடுத்தா விரலும் தீனிதான். வேண்டாம்னு ஆயிட்டா சித்தூர் புழையிலயோ கோயில் குளத்துலயோ மட்டும் விட்டுடாதீங்க. நம்ம நாட்டு ஆமைங்களை ஒழிச்சிடும். பீச்சியில இருக்கற கேரள வன ஆராய்ச்சி நிலையத்துல இந்த ஆமைங்களை வாங்கிக்கற ஏற்பாடு பண்ணியிருந்தாங்க, அங்க கேளுங்க.

இகுவானா பத்தி பக்கத்து வீட்டுக்காரங்க எழுதட்டும். ஒண்ணே ஒண்ணு, வாலைப் புடிச்சு இழுக்கக்கூடாது, கழண்டு கையோட வந்துரும், முதல்ல பயம் போகோணும், தீனி எல்லாம் அப்புறம். அதுக்கும் எலையும் செம்பருத்தியும்தான், கோழி முட்டை இல்ல.

அரசாங்க பதிவு பேப்பர் விஷயம் நீங்க கேக்கல, நான் கேக்கறேன். போட்டோவுல மணல் கலர், நட்சத்திரக் கோடு இல்ல, தொடையில தடிச்ச முள்ளு, அதனால சுல்காட்டான்னு சொல்றேன். நட்சத்திர ஆமையா இருந்தா பதிலே வேற, 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டத்துல அது நம்ம நாட்டு பிராணி, வீட்டுல வெக்கவே கூடாது. சுல்காட்டா வெளிநாட்டு சாதியா இருந்தாலும், அழிஞ்சுட்டு வர்ற உசுருங்களை நாடு விட்டு நாடு விக்கறதை கட்டுப்படுத்தற சைட்டிஸ் ஒப்பந்தத்தோட லிஸ்ட்ல இருக்கு, 2024-ல வந்த விதிப்படி மத்திய அரசோட பரிவேஷ் வெப்சைட்ல பதிவு பண்ணியிருக்கோணும். நீங்க கேரளாவுல இருக்கறதால அந்த ஊர் வனத்துறையிலதான் விசாரிக்கோணும். அது ஆகற வரைக்கும் கூடையில வெச்சு துணி மூடி கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி என்கிட்ட கொண்டு வராதீங்க, வீடியோ கால்ல பாத்துக்கலாம்.

சின்ன குழந்தை இருக்குன்னு எழுதியிருக்கீங்க. பாக்கறதுக்கு சுத்தமா இருக்கற ஆமை குடல்லயும் சால்மோனெல்லாங்கற, காய்ச்சலும் வயித்துப்போக்கும் குடுக்கற கிருமி இருக்கும், இந்த ஒரு காரணத்துக்காகத்தான் அமெரிக்காவுல நாலு இஞ்சுக்கு கீழ இருக்கற ஆமைக்குட்டி விக்கறதை 1975-லயே தடை பண்ணினாங்க. இடுக்கி, தட்டு எதையும் அடுக்களை சிங்க்ல கழுவ வேண்டாம், பழக்கி முடிச்சதும் பையன் சோப்பு போட்டு கை கழுவோணும், பாப்பா அஞ்சு வயசு தாண்டற வரைக்கும் தூரத்துல இருந்து பாக்கட்டும்.

அப்பு எடையை இன்னிக்கே ஒருக்கா போட்டு எழுதி வெச்சுக்கோங்க, பழம் நிறுத்தின பொறவு ரெண்டு மூணு நாள் மூஞ்சியை திருப்பிட்டு புல்லு தின்னாம இருக்கும், அதுக்கு பயப்பட வேண்டாம். நடமாட்டம் கொறஞ்சு, கண்ணு வீங்கி, ஒரு வாரம் தாண்டியும் எதையும் தொடலைன்னா எனக்கு உடனே போட்டோ அனுப்புங்க, கூடவே அன்னிக்கு போட்ட எச்சத்தோட போட்டோவும். காலையில பூரா மாட்டு கேஸ்ல வெளிய இருப்பேன், சாயந்தரம் நாலு மணிக்கு மேல பாத்து பதில் போடறேன்.